இறக்கத்தில் ஏன் தாழ்ந்த கியர்?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலையில் பழைய மோட்டார் சைக்கிள்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். ஹோண்டா சி70, இஎக்ஸ்5 போன்ற கப்சாய்கள். யமஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் சில, ஓட்டுபவரைவிட வயதில் மூத்தவை. நண்பர்களோடு இப்படி ஒரு பயணம் போக வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கும் இருக்கும். நம் நாட்டில் 16 வயதிலேயே பி2 உரிமம் எடுக்கலாம் என்பதால், அந்த நாள் வெகு தூரத்தில் இல்லை.

ஏற்றம் கடினமா, இறக்கம் கடினமா என்று வகுப்பில் கேட்டால், பெரும்பாலோர் ஏற்றம் என்றுதான் சொல்வார்கள். உண்மைதான், ஏற்றத்தில் பழைய வண்டி திணறும். சில சமயம் நின்றும் போகும். ஆனால், நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டாவது போகலாம். நிற்க மறுக்கும் வண்டிதான் உயிருக்கு ஆபத்து.

முதலில் ஏற்றத்தைப் பார்ப்போம். தாப்பா சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தானா ராத்தாவின் உயரமோ ஏறக்குறைய 1,400 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பழைய வண்டியில் இந்தக் கலவையைத் தயாரிப்பது கார்புரேட்டர். அதன் துளையின் அளவு நிலையானது; மலை ஏறிவிட்டோம் என்பது அதற்குத் தெரியாது. காற்று குறைந்த அளவுக்கு அது பெட்ரோலைக் குறைப்பதில்லை. அதனால் பெட்ரோல் மிஞ்சுகிறது, ஸ்பார்க் பிளக்கில் கரி படிகிறது, இழுவை குறைகிறது. புதிய வண்டிகளில் உணரிகள் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து, தேவையான பெட்ரோலை மட்டும் பீய்ச்சச் செய்கின்றன.

இன்னொரு சிக்கல் சூடு. பெட்ரோலில் உள்ள சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றதெல்லாம் பெரும்பாலும் வெப்பமாகிறது. பழைய இன்ஜினைச் சுற்றி இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளைக் கவனித்திருப்பீர்கள். பரப்பளவை அதிகமாக்கி, வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைப்பதே அவற்றின் வேலை. லாரிக்குப் பின்னால் மெதுவாக ஏறும்போது இன்ஜின் கடுமையாக உழைக்கிறது. தகடுகளில் படும் காற்றோ குறைவு. எனவேதான் அனுபவசாலிகள் வழியில் வண்டியை நிறுத்தி, சற்று ஆறவிட்டுப் போகிறார்கள்.

இனி இறக்கத்துக்கு வருவோம். ஏறும்போது நாம் செலவழித்த சக்தியில் ஒரு பகுதி, உயரத்தால் வரும் நிலைச்சக்தியாக நம்மிடமே இருக்கிறது. இறங்கும்போது அது எங்காவது போயாக வேண்டும். ஏனெனில், சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 100 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, பின்னால் அமர்ந்திருப்பவர் 60 கிலோ, பைகள் 20 கிலோ. மொத்தம் 250 கிலோ. சாலை 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். அதாவது, வினாடிக்கு 10 மீட்டர். அப்படியானால் ஒவ்வொரு வினாடியும் வண்டி 0.8 மீட்டர் கீழே வருகிறது.

250 × 10 × 0.8 = 2,000 ஜூல்.

வினாடிக்கு 2,000 ஜூல் என்றால் 2,000 வாட். காற்றுத் தடையும் டயரின் தடையும் அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், வேகம் கூடாமல் இருக்க மீதமுள்ள 1,300 வாட்டை நாம்தான் சமாளிக்க வேண்டும். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியின் திறனும் ஏறக்குறைய இவ்வளவுதான். பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே 10 நிமிடம் இறங்கினால், பிரேக்கில் சேரும் வெப்பம் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது!

இந்தச் சூடு பிரேக்கை என்ன செய்யும்? சி70, இஎக்ஸ்5 போன்றவற்றில் இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தின் நடுவில் உள்ள மூடிய டிரம்முக்குள் இரண்டு பிரேக் கட்டைகள் விரிந்து உராய்கின்றன. மூடிய இடம் என்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூட்டில் டிரம் விரிவடைந்து கட்டையைவிட்டு விலகுகிறது. கட்டையின் மேற்பூச்சும் பிடிப்பை இழக்கிறது. முதல் வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக், பத்தாவது வளைவில் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காமல் போவது இதனால்தான்.

டிஸ்க் பிரேக் திறந்த வெளியில் இருப்பதால் விரைவில் ஆறிவிடும். ஆனால், அதை இயக்கும் பிரேக் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் சேர்ந்த பிறகு அது 155 பாகை வரை இறங்கலாம். திரவம் கொதித்தால் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, வாயுவை அமுக்க முடியும். பிரேக் பிடி தொளதொளவென்று உள்ளே போகும். சக்கரமோ சுழன்றுகொண்டே இருக்கும். பல ஆண்டுகளாகத் திரவம் மாற்றாத பழைய வண்டியில் மலைக்குப் போகக் கூடாது என்பது இதனால்தான்.

இப்போது மலைச் சாலைகளில் காணப்படும் "குனா கியர் ரெண்டா" என்ற பலகைக்கு அர்த்தம் புரியும். தாழ்ந்த கியரில் த்ராட்டிலை விட்டுவிட்டால், சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜின் பல சுற்றுகள் சுற்ற வேண்டியிருக்கும். காற்றை இழுப்பதற்கும் உள் உராய்வுக்கும் சக்தி செலவாகிறது. சுமையின் பெரும்பகுதி பிரேக்கிலிருந்து இன்ஜினுக்கு மாறுகிறது. வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே தகடுகள் இருப்பதும் அங்கேதான். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குபவர், இந்த உதவியை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார். மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில் விழுகிறது.

டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதில் பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெய், எரிபொருளோடு சேர்ந்தே உள்ளே போகிறது. த்ராட்டிலை மூடிக்கொண்டு வெகுநேரம் வேகமாக இறங்கினால், பிஸ்டன் வேகமாக ஓடும். எண்ணெயோ குறைவாகவே வரும். பிஸ்டன் இறுகிக்கொண்டால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். ஆகவே, அவ்வப்போது த்ராட்டிலைச் சற்றுத் திருகி எண்ணெய் போகவிடுவது வழக்கம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் தடுக்கும் ஆற்றலும் குறைவு. எனவே, தொடக்கத்திலிருந்தே மெதுவாக இறங்குவது நல்லது.

நண்பர்களோடு போகும்போது இவற்றை நினைவில் வையுங்கள். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்காமல், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, பிறகு விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில் அது ஆறும். பிரேக் தளர்வதுபோல் தெரிந்தால், "கூட்டாளிகள் கிண்டல் செய்வார்களே" என்று தயங்காமல் ஓரமாக நிறுத்துங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். திடீரெனக் குளிரும் உலோகம் விரிசல் விடக்கூடும். மிக மெதுவான வண்டியை முன்னால் விட்டு, மற்றவர்கள் அதன் வேகத்துக்கு ஏற்பப் பின்தொடர வேண்டும்.

மாணவர்களே, நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே சரிவில், அதே எடையுடன், வேகம் மட்டும் மணிக்கு 72 கிலோமீட்டர் ஆனால், வினாடிக்கு எத்தனை ஜூல் நிலைச்சக்தி வெளிப்படும்? விடை கிடைத்ததும், வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அண்ணனிடமோ அப்பாவிடமோ காட்டுங்கள்.