சேமிப்பது ஒன்று, காட்டுவது ஒன்று

பத்தாங் காலியில் 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் பிறந்த மாணவரின் அடையாள அட்டை எண் 090803-10 எனத் தொடங்கலாம். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியையும் அடுத்துள்ள 10 சிலாங்கூர் மாநிலத்தையும் குறிக்கும். மொத்தம் 12 இலக்கங்கள். இடையிலுள்ள சிறுகோடுகள் படிப்பதற்கு எளிதாக இருப்பதற்கே.

கணினியில் இவ்வெண்ணைப் பதியும்பொழுது கோடுகள் தேவையில்லை. திரையில் காட்டும்பொழுது அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். 2005-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஜாங்கோ போன்ற இணையக் கட்டமைப்புகளில், தகவல் திரையில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை ‘வார்ப்புரு’ எனும் பகுதி முடிவு செய்கிறது. அதில் தகவலின் பெயரை அடுத்து ஒரு செங்குத்துக் கோடும் ‘வடிகட்டி’யின் பெயரும் எழுதப்படும். தேதிக்கான வடிகட்டி 2009-08-03 என்பதை 03/08/2009 எனக் காட்டும். 10 எனும் குறியீட்டைச் ‘சிலாங்கூர்’ என்று காட்டவும் வழியுண்டு. சேமித்த தகவலோ மாறுவதில்லை.

ஆயினும், சேமிப்பிலேயே பிழை நேர்ந்தால் என்னவாகும்? அடையாள எண்ணைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாகச் சேமித்தால் முன்னுள்ள சுழியம் மறைந்துவிடும். மேற்கண்ட மாணவருக்கு 11 இலக்கங்களே எஞ்சும். பெயர்ப் பட்டியலில் தேடினால் அவர் அகப்படாமல் போகலாம். 2000 முதல் 2009 வரை பிறந்த அனைவருக்கும் இந்நிலை ஏற்படக்கூடும். எனவே, அடையாள எண்ணை எழுத்து வடிவிலேயே சேமிக்க வேண்டும்.

அவ்வாறே, எண்ணின் ஒரு பகுதியைத் திரையில் மறைப்பதால் அது சேமிப்பிலிருந்து அழிந்துவிடாது. காட்சியை எளிமையாக்குவதோடு சேமிப்பையும் பாதுகாப்பதே பொறுப்புள்ள நிரலாக்கம்.