கேஸ் மாத்திரை

என் அப்பாவின் வயிற்றில் நெஞ்சுக்குழி தொடங்கித் தொப்புள் வரை ஒரு நீளத் தழும்பு. 1974ல் சேலத்தில் செய்த ஆபரேஷன். அதற்கு முன் ராத்திரி 2 மணிக்கு எழுந்து, வயிற்றைப் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அம்மா பால் காய்ச்சித் தருவாள், கொஞ்சம் அடங்கும். குடல் புண் என்றார்கள். அமிலத்தைத் தூண்டும் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு புது வழியில் தைத்தார்கள். அரிசிச் சோறு உண்ணும் தென்னிந்தியாவில் அப்போது இந்த நோய் அதிகமாக இருந்தது. அதனால் இங்கே பெரிய ஆஸ்பத்திரிகளில் அந்த ஆபரேஷன் அன்றாட வேலையாக இருந்தது. வலி போனது. ஆனால் அதன்பின் ஒரு முழுக் களி உருண்டை அவருக்குள் இறங்கவில்லை. கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாலும் வேர்த்துப் படபடக்கும்.

அப்பாவுக்குக் கத்தி வைத்து 2 வருடம் கழித்து, 1976ல், இங்கிலாந்தில் சிமெடிடின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. பார்மசி படிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

கடத்தூரில் 35 வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். வெற்றிலைச் சந்தைக்கு வருகிறவர்கள் விடிவதற்குள் மூன்று டீ, நாலு பீடி முடித்துவிட்டு, "அண்ணா, கேஸ் புடிச்சிக்கிச்சு, மாத்திரை ரெண்டு குடுங்க" என்பார்கள். வாயுவுக்கும் அந்த மாத்திரைக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. அது அமிலத்தைக் குறைக்கிற மருந்து.

இரைப்பைச் சுவரில் அமிலம் இறைக்கும் செல்களை மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று சுவிட்ச். ஒன்று நரம்பு, இன்னொன்று காஸ்ட்ரின் என்ற ஹார்மோன், மூன்றாவது ஹிஸ்டமின். அப்பாவுக்கு வெட்டியது முதல் சுவிட்சின் ஒயரை. அரிப்புக்கும் தடிப்புக்கும் காரணமான அதே ஹிஸ்டமின்தான் இங்கே அமிலத்தையும் முடுக்குகிறது. ஆனால் அரிப்புக்குத் தரும் அவில் மாத்திரை அமிலத்தைத் தொடுவதில்லை. அப்படியானால் ஹிஸ்டமினுக்கு இரண்டாவது வகைப் பூட்டு ஒன்று இருக்க வேண்டும் என்று யோசித்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். 1964ல் தேடத் தொடங்கினார். 1972ல் பூட்டு இருப்பது நிரூபணமானது. நடுவில் வந்த ஒரு மருந்து சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைத்ததால் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகுதான் சிமெடிடின். 1988ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனலாலும் இவர் கைவரிசைதான்.

சிமெடிடின் மற்ற மருந்துகளோடு மோதும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து. 1981ல் வந்த ரேனிடிடின் அதை ஓரம் கட்டியது. பிறகு ஃபெமோடிடின். இவை புண்ணை ஆற்றும், நெஞ்செரிச்சலைத் தணிக்கும். அவசர ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும் முன் ஊசியாகப் போடுவார்கள். மயக்கத்தில் வயிற்று அமிலம் ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அவிலுக்கு அடங்காத தோல் தடிப்புக்கும் சில டாக்டர்கள் இதைச் சேர்த்து எழுதுவதுண்டு.

ஜெலுசில் ஏற்கெனவே சுரந்த அமிலத்தை முறிக்கும். ரேனிடிடின் வகை மாத்திரைகள் ஒரு சுவிட்சை அணைக்கும், ஒரு மணி நேரத்துக்குள் வேலை தெரியும். இப்போது எல்லோரும் கேட்கிற பேன்டோபிரசோல் மோட்டாரையே நிறுத்திவிடுகிறது, ஆகவே பலம் அதிகம். ஆனால் எது சாப்பிட்டாலும், ஹெலிகோபாக்டர் என்ற கிருமி உள்ளே இருந்தால் நிறுத்தியதும் புண் திரும்பும். அதற்கு ஆன்டிபயாடிக் தேவை. ரேனிடிடினைத் தினமும் விழுங்கினால் இரண்டு வாரத்திலேயே உடம்பு பழகி, பலன் குறையத் தொடங்கும். கிட்னி பழுதானவர்கள் அளவைக் குறைக்க வேண்டும்.

வேர்வையோடு நெஞ்சு அடைக்கிறது, தாடை இழுக்கிறது என்று வந்தால் நான் மாத்திரை தருவதில்லை. முதலில் ஈசிஜி எடுத்துவிட்டு வாருங்கள் என்பேன். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றாலும் மாத்திரை கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் உண்டு.

2019ல் ரேனிடிடினில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் இருப்பது தெரிந்தது. நாள் ஆக ஆக, சூடு ஏற ஏற அது கூடும் என்று 2020ல் அமெரிக்கா மொத்தத்தையும் கடையிலிருந்து எடுக்கச் சொன்னது. 2022ல் நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் பெயர் போனது. ஆனால் இங்கே தடை விதிக்கவில்லை. என் கடைக்குத் தகரக் கூரை. சித்திரையில் மேல் தட்டைத் தொட்டால் கை சுடும், ரேனிடிடின் பெட்டி இருந்தது அங்கேதான். முதலில் கீழே இறக்கினேன், பிறகு வாங்குவதையே குறைத்தேன். இப்போது ஃபெமோடிடின் எடுத்துக் கொடுத்தால் பழைய ஆட்கள் அட்டையை மூக்கருகே கொண்டுபோகிறார்கள். ரேனிடிடினுக்குக் கந்தக வாடை உண்டு.

"இதுல அந்த நாத்தமே இல்லியேண்ணா, கேக்குமா?"