நாய்க்குத் திடீரென்று வலிப்பு வந்தால்...

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவன் நான். படிப்பு என்ஜினீயரிங் டிப்ளமோவோடு சரி. மருத்துவத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இவன் ஏன் நாயின் வலிப்பைப் பற்றி எழுத வந்தான் என்று அன்பர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

2022 மே மாதம், விடியற்காலை ஐந்து மணி இருக்கும். "என்னங்க, ஓடி வாங்க! ஜிம்மி என்னமோ பண்ணுது" என்று என் மனைவி அலறினாள். ஜிம்மி எங்கள் லாப்ரடார். அப்போது அதற்கு நான்கு வயது. கூடத்தில் ஒருபக்கமாக விழுந்து கிடந்தது. கால்கள் விறைத்து, பிறகு நீந்துவது போல அடித்துக்கொண்டன. வாயில் நுரை. தரையெல்லாம் சிறுநீர். நம் ஊர் வழக்கப்படி நான் சாவிக்கொத்தை அதன் காலடியில் வைத்தேன். பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள் வெங்காயத்தோடு வந்தார். அவர் மகன் செருப்பை முகர வைக்கச் சொன்னான். நாக்கைக் கடித்துக்கொள்ளுமே என்று நான் வாய்க்குள் கரண்டியை நுழைக்கப் போக, பல் பட்டு என் விரலில் ரத்தம் வந்தது. மாடி வீட்டுக்காரரோ, "இது வெறிநாய். உடனே எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார். வலிப்பு நின்றபின் ஜிம்மி தள்ளாடி எழுந்து, சுவரில் முட்டிக்கொண்டு நடந்தது. எங்களையே யாரோ போலப் பார்த்தது. உண்மையைச் சொன்னால், மாடி வீட்டுக்காரர் சொன்னது சரியோ என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நிமிடம் நீடித்தது?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. சிக்னல் கோளாறால் வண்டி இரண்டு நிமிடம் நின்றாலும் காரணம் எழுதிக் கொடுத்தவன் நான். என் வீட்டு நாய்க்குக் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை!

அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வலிப்பு தனி நோய் அல்ல, வேறொன்றின் அறிகுறி. மூளையின் நரம்பணுக்கள் முறைவைத்து வேலை செய்வதை விட்டு, ஒரு பகுதியிலோ மூளை முழுவதிலுமோ கட்டுக்கடங்காமல் ஒன்றாகத் துடிக்கும்போது உடல் வலிக்கிறது. எனக்கு உடனே எங்கள் ரிலே அறை நினைவுக்கு வந்தது. சிக்னல் அணைந்தால் கோளாறு ரிலே அறைக்குள் இருக்கலாம். ரிலேக்கள் எல்லாம் நன்றாயிருந்து, வெளியிலிருந்து வரும் மின்சாரம் குறைந்திருக்கவும் கூடும். முதலில் வெளியே பார், பிறகு உள்ளே போ என்பது எங்கள் பாடம். நாய்க்கும் அதேதான்.

மூளைக்கு வெளியே உள்ள காரணங்கள்: முதலில் விஷம். எலி மருந்து, பூச்சி மருந்து, மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் பூசுவது எல்லாம் இதில் சேரும். நம் மாத்திரைகளும் ஆபத்து. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மாத்திரைகளை நாய் விழுங்கினால் கடும் வலிப்பு வரும், உயிரே போகலாம். சாக்லேட் நாய்க்கு விஷம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். இன்சுலின் ஊசி அதிகமானாலும், வயதான நாய்க்குக் கணையத்தில் கட்டி வந்தாலும் சர்க்கரை இறங்கும். ஈரல் கெட்டால் கழிவு நச்சுகள் மூளைக்கு ஏறும். சிறுநீரகக் கோளாறு முற்றினாலும் வலிப்பு வரலாம். குட்டிகளுக்குப் பாலூட்டும் தாய்க்கு, முக்கியமாகச் சிறிய ஜாதி நாய்களுக்கு, ரத்தத்தில் கால்சியம் குறைந்து உடல் நடுங்கி விறைக்கும். தக்க நேரத்தில் மருத்துவர் கால்சியம் ஏற்றினால் விரைவில் தெளியும். நம் நாக்பூர் வெயிலில் கதவடைத்த காரில் நாயை விட்டுப் போனால் வெப்பத் தாக்குதலே வலிப்பில் கொண்டுவிடும்.

மூளைக்கு உள்ளே உள்ள காரணங்கள்: தடுப்பூசி போடாத நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் நோய், மூளை அழற்சி, எப்போதோ தலையில் பட்ட அடி, மூளைக் கட்டி ஆகியவை. ஏழெட்டு வயதுக்கு மேல் முதன்முறையாக வலிப்பு வந்தால் கட்டியையும் மனத்தில் வைத்துத் தேட வேண்டும்.

மூன்றாவது வகை: எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்காதது. இதுதான் மூலம் தெரியாத வலிப்பு நோய். பரம்பரையாக வருவதும் உண்டு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பீகிள் போன்ற ஜாதிகளில் இது அதிகம் அறியப்பட்டது. 2015-ல் உலகக் கால்நடை நிபுணர் குழு ஒன்று இதற்கு வரையறை தந்தது. முதல் வலிப்பு ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் வந்திருக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் நாய் நன்றாயிருந்து, ரத்தம், சிறுநீர்ச் சோதனைகளிலும் குறை இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதயக் கோளாறால் நாய் மயங்கி விழுவதும் வலிப்பு போலவே தெரியும். ஆனால் அது பெரும்பாலும் ஓடும்போதோ துள்ளும்போதோ வரும். சில நொடிகளில் எழுந்து இயல்பாக நடந்துவிடும். வலிப்பு பல சமயம் ஓய்விலும் தூக்கத்திலும் வரும். பிறகு நெடுநேரம் குழப்பம் இருக்கும்.

மாடி வீட்டுக்காரரின் பயமும் அர்த்தமற்றது அல்ல. நம் நாட்டில் வெறிநோயை மறக்கவே கூடாது. தடுப்பூசி போடாத நாயின் குணம் சில நாட்களாக மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் இருந்தால் யாரும் தொடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். பல் பட்டால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும். ஜிம்மிக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டிருந்தும் நானும் போட்டுக்கொண்டேன். பத்து நாள் கழித்தும் ஜிம்மி நலமாயிருந்ததால் டாக்டர் மீதி ஊசியை நிறுத்தினார்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை: கடிகாரத்தைப் பாருங்கள். நாற்காலி, மேஜையை நகர்த்துங்கள். விளக்கையும் சத்தத்தையும் குறையுங்கள், மின்விசிறியைப் போடுங்கள். வாய்க்குள் கை, கரண்டி, தண்ணீர் எதுவும் போகக் கூடாது. நாய் நாக்கை விழுங்கிவிடாது. இரும்பும் செருப்பும் உதவா. வெங்காயம் உள்ளே போனால் நாயின் ரத்த அணுக்களையே அழிக்கும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தாலும், இடையில் தெளியாமல் தொடர்ந்தாலும், விஷம் என்று சந்தேகம் இருந்தாலும் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். வீட்டில் ஒருவர் செல்போனில் படம் பிடித்தால் டாக்டருக்குப் பெரிய உதவி.

ஜிம்மியின் சோதனைகளில் ஒரு குறையும் இல்லை. மூன்று வாரத்தில் மறுபடி வந்தது. இந்த முறை நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தயாராக இருந்தேன். 4.50-க்குத் தொடக்கம், இரண்டு நிமிடம், தூக்கத்தில், முன்னிரவு சாப்பிட்டது தயிர்சாதம் என்று எங்கள் கோளாறுப் பதிவேடு போலவே எழுதிக் காட்டினேன். மூன்றாவது முறையும் வந்தபின் பீனோபார்பிட்டால் மாத்திரை தொடங்கினார்கள். மனிதர்களுக்கு 1912 முதல் விற்பனையில் உள்ள பழைய மருந்துதான். நேரம் தவறாமல் தினம் இருவேளை. அவ்வப்போது ஈரலுக்கும் மருந்து அளவுக்கும் ரத்தச் சோதனை. டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் முன்னிலும் கடுமையான வலிப்பு வரலாம். ஊருக்குப் போகும்போது ரயில் டிக்கெட்டை மறந்தாலும் அந்த மாத்திரையை என் மனைவி மறப்பதில்லை.

வலிப்பு அடியோடு போய்விடவில்லை. மாதம் ஒன்றாக வந்தது இப்போது ஆண்டுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்திருக்கிறது. மற்ற நாட்களில் தபால்காரரைக் கண்டால் பழையபடி குரைக்கிறது. அன்று அந்தப் பேச்சைக் கேட்டுத் தெருவில் விட்டிருந்தால், அடுத்த வலிப்பு வரும்போது யாராவது கல்லால் அடித்தே கொன்றிருப்பார்கள். எனவே அன்பர்களே, உங்கள் வீட்டில் நாய் இருந்தால் தடுப்பூசி அட்டையையும் கால்நடை மருத்துவரின் எண்ணையும் ஒரே இடத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.