விதையோடு செல்லும் காவல்

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் உப்பும் துறைமுகமும் நினைவுக்கு வரும். முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 1974இல் பெருந்துறைமுகம் என அறிவிக்கப்பட்ட துறைமுகமோ இன்றும் ஓயாமல் இயங்குகிறது. கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குள் சென்றால் வேறோர் உலகம் தொடங்குகிறது. ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி என விரியும் கரிசல் காடு அது. உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியும் கம்பும் மிளகாயும் அங்கு விளைகின்றன. துறைமுகத்தின் வழியே அயல்நாடுகளுக்குச் செல்லும் நிலாவாரை இலையும் இத்தகைய வறண்ட நிலத்தின் பயிரே.

இம்மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்துவிடுகிறது. ஆகவே மானாவாரி உழவருக்கு ஆண்டுக்கு ஒரே விதைப்பு, ஒரே வாய்ப்பு. புரட்டாசியில் விதைத்து ஐப்பசி மழையை எதிர்நோக்கும் அவர், முளைத்த பயிர் பத்தாம் நாளில் படுத்துவிட்டால் என்ன செய்வார்? மறுபடி விதைக்க விதை வேண்டும். விதை கிடைத்தாலும் மழை வேண்டும். முளைப்பருவத்தில் பயிரைக் காப்பது இந்நிலத்தில் அந்த ஆண்டின் சோற்றைக் காப்பதாகும்.

முளைப்பயிரை வீழ்த்தும் பகைவர் இருவரை முதலில் அறிந்துகொள்வோம். ஒன்று பித்தியம். இது ஈரத்தில் வாழ்வது. மிளகாய் நாற்றங்காலில் தண்ணீர் தேங்கினாலோ நாற்றுகள் நெருக்கமாக இருந்தாலோ இது பெருகும். தண்டின் அடிப்பகுதி நீர்கோத்து மெலியும். முதல்நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் காலையில் தரையில் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல் என்று உழவர் சொல்வது இதைத்தான். பூஞ்சை என்றே பொதுவாக அழைத்தாலும் பித்தியம் உண்மையான பூஞ்சை அன்று. அதன் செல்சுவர் பெரிதும் செல்லுலோசாலும் குளுக்கனாலும் ஆனது. பூஞ்சைகளுக்குரிய கைட்டின் அதில் முதன்மைப் பொருளாக இல்லை.

மற்றொன்று மேக்ரோபோமினா. இதன் இயல்பு நேர்மாறானது. மண் காய்ந்து வெப்பம் ஏறும்போது இது வலிமை பெறும். உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, நிலாவாரை எனப் பல பயிர்களின் வேரை இது அழுகச் செய்யும். தாக்கப்பட்ட வேரின் பட்டையை உரித்தால் கரித்தூளைத் தூவியதுபோல் நுண்ணிய கரும்புள்ளிகள் தென்படும். அவை பூஞ்சையின் உறக்க நிலைக் கட்டிகள். பயிர் அறுவடையான பின்னும் அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கரிசல் நிலத்தின் கொடுமை என்னவென்றால், ஒரே பருவத்தில் இரு பகைவருக்கும் ஏற்ற சூழல் அமைந்துவிடுகிறது: ஐப்பசியில் அடைமழை, அடுத்த சில வாரங்களில் வெடித்த நிலம்.

இவற்றுக்கு எதிராக விதையில் நஞ்சு கலப்பது உலகெங்கும் நெடுநாள் வழக்கம். பாதரசச் சேர்மங்களை விதையில் பூசிய காலமும் ஒன்று இருந்தது. 1971ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக் நாட்டில் நேர்ந்தது அவ்வழக்கத்தின் கோர முகம். மீத்தைல் பாதரசம் பூசிய கோதுமையும் வாற்கோதுமையும் விதைப்பதற்காக உழவர்க்கு வழங்கப்பட்டன. மூட்டைகளில் இருந்த எச்சரிக்கையோ அவர்கள் அறியாத மொழியில் இருந்தது. விதைப்புக் காலம் கடந்து விதை கைக்கு வந்த இடங்களில் மக்கள் அதை அரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கு இறந்தோர் மட்டும் 459 பேர். இன்று பயன்படும் பூஞ்சைக்கொல்லிகள் பாதரசம் போன்று கொடியவை அல்ல. எனினும், நஞ்சின்றி விதையைக் காக்கும் வழி ஒன்று இருக்குமானால் அதைத் தேடுவது அறிவுடைமை அல்லவா?

அவ்வழி மண்ணிலேயே இருந்தது. டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சைப் பேரினத்தை அறிவியலார் 1794ஆம் ஆண்டிலேயே பெயரிட்டு விளக்கியிருந்தனர். பச்சை நிற வித்துகளை உண்டாக்கும் அதன் ஓர் இனத்திற்கு டிரைக்கோடெர்மா விரிடி என்பது பெயர். 'விரிடி' என்றாலே பச்சை என்றுதான் பொருள். மட்கும் இலைதழைகளில் சாதாரணமாக வளரும் இதைப் பயிர்க்காவலாகக் கருத நூறாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. கலிபோர்னியாவில் எலுமிச்சை இனக் கன்றுகளின் நோயை ஆராய்ந்த ரிச்சர்டு வெய்ண்ட்லிங், இப்பூஞ்சை ரைசோக்டோனியா என்னும் நோய்ப்பூஞ்சையின் இழைகளைச் சுற்றிக்கொண்டு அழிப்பதைக் கண்டு 1932இல் வெளியிட்டார். 

அது காக்கும் முறை ஒன்றன்று. விதை ஈரத்தை உறிஞ்சியவுடன் அதிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கசிகின்றன. அந்தக் கசிவே பித்தியத்துக்கு அழைப்பு. சில மணி நேரத்திற்குள் அதன் வித்துகள் முளைத்து விதையை நோக்கி வளரும். விதையின் மேல் டிரைக்கோடெர்மா முன்னரே இருந்தால் அவ்வுணவை அது முதலில் எடுத்துக்கொள்கிறது. பந்தியில் முந்தி அமர்ந்தவர்க்கே இலை என்பது இங்கும் பொருந்தும். அடுத்தது நேரடித் தாக்குதல். பகைப் பூஞ்சையின் இழையைக் கொடிபோல் சுற்றி, கைட்டினேசு, குளுக்கனேசு முதலிய நொதிகளைச் சுரந்து அதன் சுவரைக் கரைத்து, உள்ளிருக்கும் பொருளை உறிஞ்சுகிறது. பகைவரைத் தடுக்கும் வேதிப்பொருள்களையும் வெளிவிடுகிறது. இவற்றினும் வியப்பானது, வேரின் மேலடுக்கில் இது குடியேறும்போது செடி தன் எதிர்ப்பாற்றலைத் தானே தூண்டிக்கொள்வதாகும். வேரில் நிகழும் உறவின் பயன் இலை வரை எட்டுகிறது.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்பூஞ்சையை உழவர் கையாளத்தக்க தூளாக்கும் முறையை உருவாக்கியது. சர்க்கரைப்பாகுக் கழிவும் ஈஸ்ட்டும் சேர்ந்த கரைசலில் பூஞ்சையை வளர்த்து, டால்க் தூளுடன் கலந்து, நிழலில் உலர்த்திப் பொட்டலமிடுவர். தூத்துக்குடி மாவட்டத்திலேயே இப்பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரி கிள்ளிகுளத்திலும், 1901இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியிலும் உள்ளன.

பயன்படுத்தும் முறை எளிது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் தூள் போதும். ஆறிய கஞ்சியைச் சிறிது தெளித்து விதையை ஈரமாக்கி, தூளைத் தூவிப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். உளுந்து போன்ற பயறு விதைகளுக்கு முதலில் டிரைக்கோடெர்மாவையும் பின்னர் ரைசோபியம் உயிர் உரத்தையும் பூசுவர். நிலத்தில் இடுவதானால் எக்டருக்கு இரண்டரைக் கிலோ தூளை 50 கிலோ மட்கிய தொழு உரத்துடன் கலந்து தூவ வேண்டும். தொழு உரம் இங்கு வெறும் சுமப்பான் அன்று, பூஞ்சைக்குக் கட்டுச்சோறு. உயிர்ப்பொருள் குன்றிய, வறண்ட மண்ணில் உணவின்றி இட்ட டிரைக்கோடெர்மா நெடுநாள் நிலைக்காது. மானாவாரி நிலத்தில் இதைப் பயனற்றது என்று கைவிடுவோர் பலரும் இந்தக் கட்டுச்சோற்றை மறந்தவர்களே என்பது என் எண்ணம்.

இது உயிருள்ள பொருள் என்பதை எப்போதும் நினைவில் கொள்ள வேண்டும். வெயிலில் கிடந்த பொட்டலத்திலும், காலாவதி நாள் கடந்த பொட்டலத்திலும் இருப்பது பெரும்பாலும் டால்க் மட்டுமே. தயாரித்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்திற்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. கார்பன்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லியுடன் இதைக் கலப்பதும் வீண். பகைவனைக் கொல்லும் மருந்து காவலனையும் கொன்றுவிடும். நாற்றங்காலில் நீர் தேங்கவிட்டு, விதையை நெருக்கித் தூவிவிட்டு, பூஞ்சை காக்கும் என்று இருப்பதும் ஆகாது. மேட்டுப்பாத்தி, வடிகால், போதிய இடைவெளி ஆகியவை அமைந்த பின்னரே காவலுக்கு வேலை.

டிரைக்கோடெர்மா எல்லா இடத்திலும் நண்பன் என்றும் சொல்வதற்கில்லை. காளான் வளர்ப்போர் தம் படுக்கையில் பச்சைப் பூசணத்தைக் கண்டால் நடுங்குவர். காளானின் இழைகளை உண்டு விளைச்சலைக் குலைக்கும் அந்தப் பச்சைப் பூசணமும் டிரைக்கோடெர்மா இனங்களே. காளானும் ஒரு பூஞ்சைதானே! ஆகவே காளான் குடில் வைத்திருக்கும் வீட்டில், மிளகாய் விதைக்கு இத்தூளைப் பூசும் வேலையைக் குடிலுக்குத் தொலைவில் செய்வதும், கையையும் பாத்திரத்தையும் நன்கு கழுவிய பின்னரே குடிலுக்குள் நுழைவதும் வேண்டும்.