முள்ளைப் பார்த்து கிக்கர் அடி!

போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனப்போ, தாத்தாவோட பழைய 350 புல்லட்டை ஒரு ரவுண்டு எடுக்கலாம்னு ஆசை. மழைக்காலம் முழுக்கத் தொட்டியில் நின்ன வண்டி. முப்பது கிக்கர் அடிச்சிருப்பேன். சட்டை நனைஞ்சதுதான் மிச்சம். மெக்கானிக் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "காயில் போச்சு தம்பி, ஒயரிங்கும் மொத்தமா மாத்தணும், ஆறாயிரம் ஆகும்" என்றார். அப்பா உடனே, "அந்தக் காசைப் போடுறதுக்குப் பேசாம வித்துடலாம்" என்று முடிவே பண்ணிட்டார்.

சாயங்காலம் வந்த சித்தப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எஞ்சினியரிங் படிக்கிறியே, முள்ளைப் பாத்தியாடா?"

அவர் சொன்ன முள், ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டர் முள். அதைப் புரிந்துகொண்டால் பழைய புல்லட்டின் கரண்ட் வேலை பாதி புரிந்த மாதிரி. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். (சென்னை திருவொற்றியூரில் பல வருஷங்களாகத் தயாரான, பாயிண்ட் வைத்த 12 வோல்ட் வண்டிகளுக்கு இது பொருந்தும். பின்னாளில் வந்த எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளில் பாயிண்ட் கிடையாது.)

ஸ்பார்க் எப்படி வருது?

பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். பிளக் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்கப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த வேலையைச் செய்வது இக்னிஷன் காயில். அதற்குள்ளே ஒரே இரும்புக் கருவின் மேல் இரண்டு சுற்று: தடித்த கம்பியில் சில நூறு சுற்று பிரைமரி, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று செகண்டரி.

பாயிண்ட் என்பது வெறும் ஸ்விட்ச். எஞ்சினோடு சுற்றும் ஒரு கேம் அதை மூடித் திறக்கிறது. மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து காயில் வழியாக எர்த்துக்குக் கரண்ட் ஓடும். பிரைமரியின் தடை சுமார் 3 ஓம் என்று வைத்தால், 12-ஐ 3-ஆல் வகுத்து 4 ஆம்பியர். காயிலுக்குள் காந்தப்புலம் உருவாகி, ஆற்றல் சேர்கிறது. இண்டக்டன்ஸ் 8 மில்லி ஹென்றி என்றால் ½LI² கணக்குப்படி 0.064 ஜூல். பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் ஒரு பொறிக்கு இது தாராளம்.

பாயிண்ட் திறக்கும் நொடியில் கரண்ட் அறுபடுகிறது, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஃபாரடே விதி ஞாபகம் இருக்கா? புலம் எவ்வளவு வேகமாக மாறுதோ அவ்வளவு வோல்டேஜ். பிரைமரியிலேயே சில நூறு வோல்ட் எகிறும். செகண்டரியில் அது பல ஆயிரம் வோல்ட்டாகிப் பிளக்கில் பாய்கிறது. இங்கேதான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க: பாயிண்ட் மூடும்போது ஸ்பார்க் வராது, திறக்கும்போதுதான் வரும்.

பாயிண்ட்டுக்கு இணையாக இருக்கும் கண்டென்சர் எதற்கு? திறக்கும் நொடியில் கரண்ட் பாயிண்ட் இடைவெளியைத் தாண்டி ஓடப் பார்க்கும். அதைக் கண்டென்சர் வாங்கிக்கொள்கிறது. கண்டென்சர் செத்தால் பொறி பிளக்கில் விழாமல் பாயிண்ட்டிலேயே விழும். முனைகள் கருகும், வண்டி மிஸ் அடிக்கும்.

முள் என்ன சொல்லுது?

காயிலுக்குப் போகும் கரண்ட் அம்மீட்டர் வழியாகத்தான் போகிறது. லைட்டை அணைத்து, சாவியை ஆன் செய்து, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

1. முள் மைனஸ் பக்கம் போய், மறுபடி நடுவுக்கு வந்தால், பாயிண்ட் மூடித் திறக்கிறது. பிரைமரி சர்க்யூட் சரி. பிளக், ஹெச்.டி. ஒயர், கண்டென்சர், பெட்ரோல் பக்கம் தேடுங்கள்.

2. எவ்வளவு சுற்றினாலும் முள் நடுவிலேயே நின்றால், கரண்டே போகவில்லை. ஹாரன் அடித்துப் பாருங்கள். ஹாரனும் ஊமை என்றால் பேட்டரி, ஃபியூஸ், எர்த் பாருங்கள். ஹாரன் அடித்தால், பாயிண்ட் முனையில் அழுக்கு, அல்லது காயில் ஒயர் எங்கோ விட்டுப்போச்சு.

3. முள் மைனஸிலேயே நின்று நடுவுக்கு வரவே இல்லை என்றால், பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது ஒயரோ கண்டென்சரோ எர்த்தில் ஷார்ட்.

எங்க வண்டி இரண்டாவது கேஸ். ஹாரன் அலறியது, முள் அசையவே இல்லை. மூடியைத் திறந்தால் பாயிண்ட் முனையில் சாம்பல் நிறப் படலம். நைஸ் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, சுத்தமான துணியால் துடைத்து, முழுசாத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.35-லிருந்து 0.40 மி.மீ.க்குள் வைத்தோம். மூன்றாவது கிக்கரில் 'தட் தட்' என்றது! காயிலும் அதேதான், ஒயரிங்கும் அதேதான்.

இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் மாறும் என்பதை மறக்காதீங்க. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், ஸ்பார்க் முந்தும். குறைந்தால் பிந்தும். அதனால் முதலில் இடைவெளி, அப்புறம் டைமிங்.

கிக்கர் அடிக்கும் முறை

முள்ளுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஒரு இடத்தில் கெட்டியாக நிற்கும், அதுதான் கம்ப்ரஷன். அங்கே டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, முள் நடுவுக்கு வந்து பிஸ்டன் உச்சியைக் கொஞ்சம் தாண்டும் வரை மட்டும் அழுத்துங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, இப்போது முழுசாக ஒரே உதை. அடுத்த கம்ப்ரஷன் வருவதற்குள் ஃப்ளைவீல் வேகம் எடுத்துவிடும். இதைச் செய்யாமல் கண்டபடி உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும்; கணுக்கால் போய்விடும்.

கடைசியா மூணு எச்சரிக்கை. எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விடாதீங்க. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் 48 வாட் சூடாகவே போகும், பேட்டரியும் காலி. ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கைக் கையில் பிடிக்காமல் எஞ்சின் மேல் படுக்க வையுங்கள், பிளக் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கே பெட்ரோல் ஆவி வரும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதனால் பேட்டரி மாட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை விற்கும் பேச்சை அப்பா அதோடு விட்டுட்டார். உங்க வீட்டுத் தொட்டியிலும் ஒரு பழைய வண்டி தூங்கிட்டிருந்தா, அதை விற்க விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை முள்ளைப் பாருங்க.