கல்லறையைக் காப்பது யார் பொறுப்பு? ரிச்மண்ட் தன்னார்வலர்களின் பட்டறிவு

சாதி மனிதரைச் சாவிலும் விடுவதில்லை என்பது தமிழ்நாட்டின் ஊரையும் சேரியையும் அறிந்த எவருக்கும் புதிய செய்தியன்று. ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு. முன்னதற்குத் தார்ச்சாலை, பின்னதற்கு வயல் வரப்பு. இதற்கு இணையான ஏற்றத்தாழ்வை நிறவெறி அமெரிக்காவில் உருவாக்கியிருக்கிறது. அந்நாட்டின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில், கைவிடப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்களின் இடுகாடு ஒன்றைத் தன்னார்வலர்கள் 2013ஆம் ஆண்டு முதல் மீட்டெடுக்கத் தொடங்கினர். அவர்கள் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன, அது எங்கே தடைபட்டது ஆகிய மூன்றும் மயான உரிமைக்காக இங்கே போராடுவோர் அறிந்துகொள்ள வேண்டியவை.

புதர் மூடியது எப்படி?

அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துசென்ற தென்மாநிலக் கூட்டமைப்புக்கு, உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861–65) தலைநகராக இருந்தது ரிச்மண்ட். போரில் கூட்டமைப்பு தோற்றது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் அதன் இடத்தில் நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் வந்தன. பள்ளி, இரயில், உணவகம் என எல்லாவற்றிலும் பிரித்து வைக்கப்பட்ட கறுப்பின மக்கள், இடுகாட்டிலும் பிரித்து வைக்கப்பட்டனர். ஆகவே அவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பில் நிலம் வாங்கித் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்தனர். 1891இல் எவர்கிரீன் கல்லறைத் தோட்டமும், 1897இல் அதை ஒட்டி ஈஸ்ட் எண்ட் கல்லறைத் தோட்டமும் இவ்வாறு உருவாயின.

அங்கே துயில்வோர் சாதாரணமானவர்கள் அல்லர். 1903இல் ரிச்மண்டில் வங்கி ஒன்றை நிறுவி, அமெரிக்காவில் வங்கித் தலைவராக விளங்கிய முதல் கறுப்பினப் பெண்மணி மேகி வாக்கர் எவர்கிரீனில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 'ரிச்மண்ட் பிளானட்' வார இதழின் ஆசிரியராக இருந்து, கும்பல் கொலைகளுக்கு எதிராக அஞ்சாது எழுதிய ஜான் மிட்செலும் அங்கேயே இருக்கிறார். ரிச்மண்டில் கறுப்பினக் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டிய முன்னோடி ஆசிரியை ரோசா டிக்சன் பவுசரின் கல்லறை ஈஸ்ட் எண்டில் உள்ளது. இவர்களைச் சூழ்ந்து சலவைத் தொழிலாளர்கள், புகையிலை ஆலைத் தொழிலாளர்கள், அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்றோர் என ஆயிரக்கணக்கானோர் உறங்குகின்றனர்.

இத்தகைய இடம் ஏன் காடாயிற்று? பராமரிப்புக்கென நிலையான நிதி எதுவும் அங்கே இல்லை. கல்லறையைப் பேணும் பொறுப்பு முழுவதும் அந்தந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்தது. அந்தக் குடும்பங்களோ கூலியிலும் சொத்திலும் திட்டமிட்டு வஞ்சிக்கப்பட்டவை. நிறவெறிக்கு அஞ்சியும் வேலை தேடியும் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடமாநிலங்களுக்குப் புலம்பெயர்ந்தபோது, கல்லறைகளைப் பார்க்க வருவோரும் குறைந்தனர். மரங்களும் படர்கொடிகளும் கல்லறைகளை விழுங்கின. பழைய டயர்களையும் குப்பைகளையும் கொட்டும் இடமாகவும் அது மாறிப்போனது.

இதை இயற்கையின் வேலை என்று சொல்லிவிட முடியாது. இதே நகரில், தோற்றுப்போன கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் அடக்கம் செய்யப்பட்டுள்ள ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் நன்கு பேணப்பட்டே வந்தது. கூட்டமைப்புப் போர்வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்க வர்ஜீனியா அரசு பல பத்தாண்டுகளாகப் பொதுப்பணத்தை வழங்கிவந்தது. கறுப்பின மக்களும் செலுத்திய வரிப்பணம், அவர்களை அடிமைப்படுத்தப் போரிட்டவர்களின் கல்லறைகளுக்குச் சென்றது. அதே வேளையில், ரிச்மண்டின் பழைய ஆப்பிரிக்க இடுகாடு ஒன்றின்மேல் தார் போடப்பட்டு வாகன நிறுத்துமிடம் இயங்கியது. மக்கள் போராடிய பிறகே 2011இல் அந்தத் தார்த்தளம் அகற்றப்பட்டது.

தன்னார்வலர்கள் செய்தது

2013இல் சிலர் வார இறுதிகளில் கத்தரிக்கோலும் மண்வாரியுமாக ஈஸ்ட் எண்டுக்கு வரத் தொடங்கினர். காலப்போக்கில் அது 'ஈஸ்ட் எண்ட் நண்பர்கள்' என்னும் குழுவாக வளர்ந்தது. மாணவர்களும், அங்கே அடக்கம் செய்யப்பட்டோரின் வழித்தோன்றல்களும், பல இனத்தவரான நகரவாசிகளும் அதில் கைகோத்தனர். ஏறத்தாழ 16 ஏக்கர் பரப்புள்ள அந்த இடத்தில், சில ஆண்டுகளுக்குள் 3,000க்கும் மேற்பட்ட கல்லறைக் கற்களை அவர்கள் வெளிக்கொணர்ந்தனர்.

புதர் வெட்டியது அவர்கள் பணியின் ஒரு பாதிதான். மறுபாதி, பதிவு செய்தது. ஒவ்வொரு கல்லும் நிழற்படம் எடுக்கப்பட்டது. அதிலிருந்த பெயரும் ஆண்டும் எழுதப்பட்டன. அது இருக்கும் இடம் குறிக்கப்பட்டது. பின்னர் இறப்புச் சான்றுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள், பழைய நாளிதழ்கள் ஆகியவற்றைத் தேடி, அந்தப் பெயருக்குரியவர் யார், என்ன தொழில் செய்தார், எத்தெருவில் வாழ்ந்தார் என்று கண்டறிந்தனர். ரிச்மண்ட் நகரப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்த ஆய்வில் இணைந்தனர்.

இதன் பயனை உடனே உணர்ந்தவர்கள் அங்கே வந்த பார்வையாளர்கள். பாட்டியின் பெயரை மட்டுமே அறிந்த ஒருவர், அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்குச் சென்று நிற்பதற்கு ஒரு பாதை வேண்டும். வழிகாட்ட ஒரு பதிவேடு வேண்டும். இவ்விரண்டையும் அரசு தரவில்லை, தன்னார்வலர்கள் தந்தனர்.

பதிவேடு கோரிக்கையாகிறது

ஈஸ்ட் எண்ட் பணியில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் பத்திரிகையாளர் பிரையன் பால்மர். அவரும் சேத் ஃப்ரீட் வெஸ்லரும் இணைந்து எழுதி 2018இல் ஸ்மித்சோனியன் இதழில் வெளிவந்த புலனாய்வுக் கட்டுரை, அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் மட்டும் கூட்டமைப்பின் நினைவுச் சின்னங்களுக்கும் அவற்றைப் போற்றும் அமைப்புகளுக்கும் குறைந்தது 4 கோடி டாலர் பொதுப்பணம் செலவாகியிருப்பதை வெளிப்படுத்தியது. கல்லறையில் கொடி அறுத்த கை, அரசின் கணக்கேட்டையும் புரட்டியது.

அதற்கு முன்பே, 2017இல், வர்ஜீனியா சட்டமன்ற உறுப்பினர் டெலோரஸ் மெக்குவின் கொண்டுவந்த மசோதா சட்டமாயிற்று. கூட்டமைப்பு வீரர்களின் கல்லறைகளுக்கு வழங்கப்பட்டதைப் போலவே, ஈஸ்ட் எண்ட், எவர்கிரீன் ஆகியவற்றில் உள்ள பழைய கல்லறைகளுக்கும் கல்லறை ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 டாலர் என அரசு நிதி ஒதுக்க அது வழிசெய்தது. தொகை சிறிது, ஆனால் இறந்தோர் அனைவரும் அரசின் முன் சமம் என்னும் கோட்பாடு பெரிது. 2022 டிசம்பரில், நாடு முழுவதும் உள்ள கறுப்பின இடுகாடுகளைக் கண்டறிந்து காப்பதற்கான நிதியுதவித் திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றமும் சட்டவழி அமைத்தது.

தடைபட்ட இடம்

இக்கதை வெற்றியோடு முடிந்துவிடவில்லை. தன்னார்வலர்கள் உழைத்தார்களே தவிர, நிலம் அவர்களுடையது அன்று, வழித்தோன்றல்களுடையதும் அன்று. எவர்கிரீனை 2017இலும் ஈஸ்ட் எண்டை 2019இலும் ஓர் அறக்கட்டளை வாங்கியது. முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதில் அறக்கட்டளைக்கும் தன்னார்வலர்களுக்கும் முரண்பாடு முற்றி, அக்குழு அங்கே பணியைத் தொடர இயலாத நிலை ஏற்பட்டது. 2022இல் அந்த அறக்கட்டளையே கலைந்துபோனது. பராமரிக்க எவருமின்றிக் கல்லறைகள் மீண்டும் கேட்பாரற்றுக் கிடந்தன. இறுதியில் மாநகர நிர்வாகமே அவற்றைத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டியதாயிற்று.

இது உணர்த்தும் உண்மை தெளிவானது. தன்னார்வ உழைப்பு கல்லறையை மீட்கும். அதை நிலைநிறுத்த நில உரிமையும், பொதுநிதியும், வழித்தோன்றல்களின் முடிவெடுக்கும் அதிகாரமும் வேண்டும். இவையின்றித் தன்னார்வத்தை மட்டும் போற்றுவது, அரசைக் கடமையிலிருந்து விடுவிப்பதில் போய் முடியும்.

இங்கே இதன் பொருள்

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு இன்னொரு கூர்மை உண்டு. மயானப் பணி இங்கே தலித் மக்கள்மீது பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட தொழில். ஊராரின் பிணத்துக்குக் குழி வெட்டவும், சாவுச் செய்தி சொல்லவும், பறையடிக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டவர்களே, தங்கள் வீட்டுப் பிணத்தை எடுத்துச் செல்லப் பாதையின்றி மறிக்கப்பட்டனர். 2016 ஜனவரியில் நாகை மாவட்டம் திருநாள்கொண்டசேரியில், முதியவர் ஒருவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுசெல்ல உயர்நீதிமன்றமே ஆணையிட்டும் அது நடைபெறவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறிக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அக்காட்சி பரவிய பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது.

ஆகவே, சேரி இளைஞர்கள் தங்கள் மயானத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிப் பாதை அமைத்தால், அதைச் 'சேவை' என்று பாராட்டிக் கடந்துவிடக் கூடாது. இடுகாடு, சுடுகாடுகளைப் பராமரிப்பது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை. மயானத்தையும் பாதையையும் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும், குழி வெட்டக் கட்டாயப்படுத்துவதும், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றங்கள். சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 இலட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. சமத்துவத்துக்குப் பரிசு தர வேண்டியிருப்பதே, தனி மயானம் இன்றும் இயல்பாகக் கருதப்படுவதைக் காட்டுகிறது.

ரிச்மண்டிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, பதிவு செய்யும் முறை. நம் மயானங்களில் பெயர் பொறித்த கற்கள் அரிது. நம் பதிவேடு வேறு வகையில் அமைய வேண்டும். மயானத்தின் புல எண் என்ன, கிராமக் கணக்கில் அது மயானப் புறம்போக்கு என்று பதிவாகியுள்ளதா, வரைபடத்தில் காணும் பரப்பில் எவ்வளவு இன்று எஞ்சியுள்ளது, பாதை யார் நிலத்தில் அறுபடுகிறது, தண்ணீரும் விளக்கும் எரிமேடையும் உள்ளனவா, அதே ஊராட்சி ஊர் மயானத்துக்குச் செலவிட்டது எவ்வளவு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் இவற்றைப் பெறலாம். அங்கே அடக்கமானோரின் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்கலாம். இரு மயானங்களின் செலவுக் கணக்கை அருகருகே வைத்துக் கிராம சபையில் தீர்மானம் கோரலாம். மறுக்கப்பட்டால் அந்தப் பதிவேடே மாவட்ட ஆட்சியர் முன்பும் நீதிமன்றத்திலும் சான்றாகும்.

பிரிக்கப்பட்ட மயானத்தைச் செம்மைப்படுத்துவது பிரிவினையை ஏற்பதாகாதா என்ற ஐயம் நியாயமானது. பொது மயானமே இலக்கு என்பதில் விட்டுக்கொடுக்க ஏதுமில்லை. எனினும், நம் முன்னோர் உறங்கும் நிலம் ஆக்கிரமிப்பில் கரைந்துபோனால், அவர்கள் வாழ்ந்ததற்கான சான்றும் அதனோடு கரையும். அந்நிலத்தை அளந்து, பெயர்களை எழுதி, பாதையைத் திறந்து வைப்பது, பொது மயானத்துக்கான கோரிக்கையை வலுவிழக்கச் செய்யாது. இதுவரை மறுக்கப்பட்டது எவ்வளவு என்பதைக் கணக்கோடு நிறுவும்.