உங்களுக்குத் தெரியுமா? சமக்குறி காரணத்தைச் சொல்வதில்லை!

பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ‘விசை = நிறை × முடுக்கம்’ என்ற சமன்பாட்டை நியூட்டன் அந்த வடிவில் எழுதவே இல்லை. 1687-இல் வெளிவந்த ‘பிரின்சிபியா’வில், இயக்கத்தில் ஏற்படும் மாற்றம் செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று லத்தீனில் வாக்கியமாகத்தான் சொன்னார். விசை காரணம், மாற்றம் விளைவு என்பது அதைப் படித்தாலே விளங்கும். இன்றைய வடிவத்துக்கு நெருங்கிய சமன்பாடுகளை 1750 வாக்கில் தந்தவர் கணிதவியலாளர் ஆய்லர். கணக்குப் போட வசதிதான்; ஆனால் சமக்குறியின் இருபுறத்தையும் மாற்றிப் போட்டாலும் அது சரியாகவே இருக்கும்.

‘மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை’ என்ற ஓம் விதியில் இந்த வேடிக்கை இன்னும் அதிகம். டார்ச் லைட்டில் பேட்டரி மின்னழுத்தம் தர, மின்னோட்டம் விளைகிறது. ஆய்வகத்துப் பிளாட்டினம் வெப்பநிலைமானியில் கதை தலைகீழ்: 100 ஓம் கம்பியில் கருவி 1 மில்லி ஆம்பியரைச் செலுத்தினால், முனைகளுக்கிடையே 0.1 வோல்ட் தோன்றும். சமன்பாடு என்னவோ ஒன்றேதான்!

அதையே ‘மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்’ என்று எழுதியதும், மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்தடையும் கூடும் என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. அது தவறு. கம்பியின் மின்தடையைத் தீர்மானிப்பவை அதன் உலோகம், நீளம், தடிமன், வெப்பநிலை ஆகியவையே.